புள்ளிக்கோழியின் வெயில்

என் கோபக்காரிக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, நர்சிடம் கொடுத்தனுப்புகிறேன்.

"பருந்து சுத்துது, கூண்டைத் திறந்துடாதீங்க" என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூடச் சொன்னாய். நானும் திறக்கவில்லை. அடைந்தே கிடந்த உன் புள்ளிக்கோழி தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டது. தீனியைத் தொடவில்லை.

நேற்றுக் காலை மனசு கேட்காமல் திறந்துவிட்டேன். வேலியோரப் புழுதியில் புரண்டு எழுந்து, ஒரு றெக்கையை விரித்து வெயிலில் படுத்தது பார், மகாராணி தோற்றுப்போவாள்! சாயங்காலம் பருந்து கொண்டுபோய்விட்டது. திட்டாதே.

ஆஸ்பத்திரியிலேயே இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாம் என்கிறார் டாக்டர். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாளை காரோடு வருகிறேன். உன் கட்டிலை வெயில் விழும் இடத்தில் போட்டுவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்