ஆண்டு போடாத ஆயுதப் பட்டியல்

இன்று கோட்டைக் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய துவக்கை, வெள்ளைக்காரர் காலத்துத் துப்பாக்கியைப் பார்த்தேன். அடிக்கட்டையில் ஓர் இலக்கம் வெட்டியிருந்தது. பார்த்ததும் நம் பழைய பட்டியல் நினைவுக்கு வந்தது. நீ கண்மூடி இரண்டு மாதமாகிறது. ஆனாலும் இதை உன்னிடந்தான் சொல்ல வேண்டும்.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்த காலம். உடுவிலில் உன் மாமனார் வீட்டுப் பெட்டகத்துக்குள் அந்தப் பதிவேட்டைக் கண்டெடுத்தாய். வெள்ளைக்காரர் காலத்தில் கோட்டையில் இருந்த காலாட்படைக் கொம்பனி ஒன்றினுடையது. எந்தச் சிப்பாயிடம் எந்த இலக்கத் துவக்கு, தோட்டா போடும் ரவைப் பை எத்தனை, எது உடைந்தது, எது தொலைந்தது என்று மாதாமாதம் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். மாணவிகளுக்குக் காட்டவென்று சில பக்கங்களை நான் தமிழில் எழுதினேன். அப்போது கடதாசித் தட்டுப்பாடு. பெயர்களை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் எழுதினேன். “ஆண்டைப் போடு, இல்லாட்டில் ஒருத்தருக்கும் விளங்காது” என்றாய். பிறகு போடலாமென்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் நாம் இருவரும் போகையில், சுன்னாகத்து ராணுவச் சோதனைச் சாவடியில் உன் சைக்கிள் கூடைக்குள் இருந்து அந்தத் தாள்களை எடுத்தார்கள். துவக்கு எண்பத்தாறு. ரவைப் பை எண்பத்து நான்கு. நாற்பத்தோராம் இலக்கத் துவக்கைக் காணவில்லை. மொழிபெயர்ப்பாளன் வாசிக்க வாசிக்க அதிகாரியின் முகம் மாறியது. யாருடைய எழுத்து என்று கேட்டான். எனக்கு வாய் திறக்க வரவில்லை.

“என்ரை எழுத்து” என்றாய் நீ.

காணாமல் போன துவக்கு இப்போது யாரிடம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதை வைத்திருந்தவன் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்று நீ சொல்ல, ஒருவன் உன் கன்னத்தில் அறைந்தான். மணல்மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போகையில் என்னைத் திரும்பிப் பார்த்து, “போய்ப் புத்தகத்தைக் கொண்டு வா” என்றாய்.

உடுவிலுக்குச் சைக்கிளை எப்படி மிதித்தேனென்று தெரியாது. பெட்டகத்துச் சாவி உன்னிடம். உன் மாமி ஒன்றும் கேட்காமல் கோடரியால் பூட்டை உடைத்துத் தந்தார். திரும்பி வந்தபோது உன்னை ஏற்றிப் போக ஒரு வாகனம் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. அதிகாரி பதிவேட்டையும் என் தாளையும் வரிவரியாக ஒப்பிட்டான். நாற்பத்தோராம் இலக்கத்தில் விரலை வைத்து, பக்கத்தின் தலைப்பில் இருந்த ஆண்டை இரண்டு தரம் வாசித்தான். பிறகு வாகனத்தைப் போகச் சொன்னான். உன்னை விட்டார்கள். பதிவேட்டை விடவில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“ரெண்டு பேரையும் பிடிச்சு வைச்சால் புத்தகத்தை ஆர் கொண்டு வாறது? நீயும் அதை யோசிச்சுத்தானே பேசாமல் நிண்டனீ.”

“ஓம்” என்று தலையாட்டினேன்.

நான் அப்படி யோசிக்கவில்லை. நீ சொல்லும்வரை புத்தகம் என் நினைவிலேயே இல்லை. பயந்து நின்றேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் நீ என் நிதானத்தைப் புகழ்ந்தாய். ஒருமுறைகூட நான் மறுக்கவில்லை. நான் உனக்குச் சொன்ன பொய் அந்த ஒரு ‘ஓம்’. அதைத் திருத்திக்கொள்ள நீ இல்லாமல் போன பிறகு இதை எழுதுகிறேன்.