மூங்கிலில் கட்டிய நேர்த்தி

யூலை 4, வெள்ளி

சரியான வெக்கை. மேல்மாடியில் இருக்க முடியவில்லை. முருங்கையிலைச் சுண்டல், மோர்.

ஞாயிறு யப்பான்காரரின் நட்சத்திரத் திருநாள். பேத்தி அபி அவர்களுடைய பெரிய மேளம் அடிக்கப் போகிறாள். முதல் மேடை! மேளம் அவளை விட உயரம்.

மகன் வரமாட்டானாம். அவள் சின்னதில் இருந்து பழகிய மிருதங்கத்தை விட்டுவிட்டாள் என்று இன்னும் கோபம்.

"நீங்கள் போங்கோ அம்மா. எனக்குப் புல்லு வெட்டக் கிடக்கு."

"இட்ஸ் ஃபைன், அப்பம்மா" என்றாள் அபி. முகம் ஃபைன் இல்லை.

யூலை 6, ஞாயிறு

இரண்டு பஸ் மாறிப் போனோம். கால் உளைவு. ஆனாலும் என்ன வடிவு! வாசல் முழுக்கக் கலர்க் காகிதக் குஞ்சம், தேர் சோடித்த மாதிரி.

தின்றது: குழிக் கல்லில் சுட்ட உருண்டை, உள்ளே கணவாய் மாதிரி ஒன்று. உறைப்புக் காணாது. சீவின ஐஸில் பச்சைத் தேயிலைப் பாகு. சிவப்புப் பயறு வைத்த அரிசிமா உருண்டை, எங்கள் மோதகத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.

விருப்பத்தைக் காகிதத் துண்டில் எழுதி மூங்கிலில் கட்டலாமாம். 'மகன் வரவேண்டும்' என்று எழுதினேன். அபிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. பிறகுதான் யோசனை. நேர்த்திக்கடன் வைத்தால் செலுத்த வேண்டுமே?

"நடந்தால் நான் என்ன செய்யவேணும் எண்டு உந்த அம்மாட்டைக் கேள் பிள்ளை."

அங்கே நின்ற யப்பான் அம்மா சிரித்தா.

"ஒண்டும் தேவையில்லையாம், அப்பம்மா."

"சும்மாவோ? உது சரிவராது."

ஒரு மாதம் தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை என்று கீழே எழுதி இறுக்கிக் கட்டினேன்.

மேளம் தொடங்கியது. அபி நடுவில். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சுக்குள். பக்கத்தில் நின்றவளிடம் "மை கிராண்ட்டோட்டர்" என்றேன். பின்னால் நின்றவர்களுக்கும் சொல்லத் திரும்பினால், மகன்! சப்பாத்தில் புல். கை கட்டியபடி. விரல் மட்டும் தாளம் போடுகிறது.

முடிந்து அபி வியர்வையோடு வந்தாள். மகன் குனிந்து சப்பாத்துப் புல்லைத் தட்டினான்.

"கடைசியிலை தாளத்தை விட்டு ஓடிட்டாய்."

"ஓடேல்லை அப்பா! அது அப்பிடித்தான்."

"அப்ப வீட்டை வந்து அடிச்சுக் காட்டு, பாப்பம்."

யூலை 7, திங்கள்

தூறல். சீனி போடாத தேத்தண்ணீர். வெறும் தண்ணீர் இதை விடத் திறம்.

மகன் கீழே, லண்டனில் இருக்கிற தன் தம்பிக்கு வீடியோ அனுப்பிவிட்டுப் போனில் கத்துகிறான்:

"ஓமடா, நடுவிலை நிக்கிறது என்ர மகள்தான்! மிருதங்கம் பழகின கையெல்லே, அதுதான் அந்த அடி!"