கிளட்சில் இன்னும் காற்று

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், உன் அப்பாவின் சிவப்புக் கார். இரண்டு பேர் மட்டுமே உட்காரும் அந்தப் பழைய இங்கிலாந்து வண்டி வந்த நாளிலிருந்து, நம் வீட்டில் மூன்றாவது ஆள் பஸ்ஸில்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த மூன்றாவது ஆள் யார் என்று உனக்குத் தெரியும்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வண்டியைப் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார். பார்த்தேன். கிளட்ச் எண்ணெய் டப்பா காய்ந்து கிடந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று தையல் மிஷின் எண்ணெயை ஊற்றி வைத்தேன். உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊதிப்போய்விட்டதாம். வீட்டுக்கு வந்து அதைக் கண்டுபிடித்ததும் காலையிலிருந்து மதியம் வரை திட்டினார். குழறாமல் திட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புது கிளட்ச் சிலிண்டர் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. தெருமுனை மெக்கானிக் பழையதையே கழற்றிக் கழுவி, ரப்பரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். கூலி மிச்சமாகட்டும், எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். அப்பா வண்டிக்கு அடியில் படுத்து, காற்று வெளியேறும் திருகாணியைத் திறந்து மூடுவார். நான் மேலே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க வேண்டும். அழுத்து, பிடி, விடு. கல்யாணமானதிலிருந்து அவர் சொன்னதை எதிர்ப்பேச்சில்லாமல் நான் கேட்டது இப்போதுதான். எண்ணெயில் குமிழி வருவது நின்றது. மிதி என் காலுக்கு நன்றாக இறுகி நின்றது.

பிறகு அவர் ஏறி மிதித்தார். கியர் விழாமல் கரகரத்தது. இன்னும் காற்று இருக்கிறது என்றார். மறுபடி எடுத்தோம். மறுநாளும் எடுத்தோம். இப்போது சாயங்காலம் ஆனால் இதே வேலைதான்.

நேற்று, நீங்கள் மிதியுங்கள், நான் அடியில் பார்க்கிறேன் என்றேன். கியர் பெட்டி ஓரம் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. மிதித்தால் அது முழுசாக வெளியே வர வேண்டும். அவர் மிதித்தபோது பாதி வந்து, நடுங்கி, திரும்பிவிட்டது. காற்றுமில்லை, ஒன்றுமில்லை. இடது காலில் பலமில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே கிடந்தேன்.

வெளியே வந்து, “பாதிதான் வருது. இன்னும் காத்து இருக்கும்போல” என்றேன்.

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ மிதிச்சப்போ முழுசா வந்துச்சே. நான் கீழ இருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்” என்றார்.

முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது மனிதருக்கு. ஆனாலும் இன்று சாயங்காலம், வா, காற்று எடுக்கலாம் என்று கூப்பிட்டார். நானும் போய் உட்கார்ந்து அழுத்தினேன், பிடித்தேன், விட்டேன். அலுத்துவிட்டது, கண்ணு.

உனக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு என்று தெரியும். இருந்தாலும் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வந்ததும் அந்தச் சாவியைக் கேள். நீ கேட்டால் கொடுத்துவிடுவார். நீ ஓட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் மாற்றத் தெரியவில்லை என்று உன்னைத் திட்டிக்கொண்டே வரட்டும். நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன்.

கை கால் சுகத்தோடு இரு, தாயே.

உன் அம்மா