இரண்டு இருக்கை போதும், ஆரின்

ஆரின்,

நீ மாடு கறந்துவிட்டு வருவதற்குள் விமானத் திடலுக்குக் கிளம்புகிறேன். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் சூடாக இருக்கின்றன. பத்து மணிக்குக் கன்றைப் பார்க்க மாட்டு டாக்டர் வருவார். கன்றுக் கொட்டகைச் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று நான் கதவை அறைந்து சாத்தியது தப்பு. இரண்டு பேர் மட்டும் பறக்கும் ஸ்போர்ட் லைசென்ஸ் போதாது, பேரப்பிள்ளைகள் இருவரையும் ஒன்றாக ஏற்றிப் பறக்க, மருத்துவச் சான்றிதழ் கேட்கும் பிரைவேட் பைலட் லைசென்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். "மெடிக்கல்ல உன் இதயக் கோளாறைப் பார்த்துட்டு முடியாதுன்னு எழுதிட்டா, ஸ்போர்ட் லைசென்ஸும் கிடைக்காதுடி! ரெண்டும் இல்லாம உக்காந்திருப்பே!" என்று நீ கத்தினாய். நான் பறப்பதே உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன்.

காலையில் நீ கொட்டகைக்குப் போனதும் என் பயிற்சியாளர் கிளெண்டாவுக்குப் போன் செய்தேன். "உன் வீட்டுக்காரர் சொல்றது நிஜம்தான். மருத்துவச் சான்றிதழுக்கு மனு போட்டு, அதை மறுத்துட்டாங்கன்னா, கார் லைசென்ஸே போதும்கிற ஸ்போர்ட்லயும் பறக்க முடியாது. இதையே கேட்டு அவர் எனக்கு மூணு தடவை போன் பண்ணிட்டார்" என்றாள்.

போனையே தொடாத நீ, மூன்று தடவை! நன்றி, ஆரின். நிரப்பி வைத்திருந்த மனுவைக் கிழித்துவிட்டேன். சின்ன விமானம் ஓட்டலாம் என்று என் இதய டாக்டர் சொன்னதே எனக்குப் போதும். ஸ்போர்ட்டில் ஒருவரைத்தான் உடன் ஏற்றலாம். பிள்ளைகள் முறை வைத்து வரட்டும்.

வெர்லா

பி.கு.: லைசென்ஸ் வந்ததும் முதல் சுற்று உனக்கு. உயரம் என்றால் உனக்கு நடுக்கம் என்று தெரியும். நீ கண்ணை மூடிக்கொள். நான் திறந்து வைத்திருக்கிறேன்.