ரோஜாத் தொட்டி மண்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலாம், வாய்தான் குறையவில்லை. நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு ஒரு வாரமாக வயிறு எரிகிறது.

எங்கள் ஆய்வகத்தில் சலவைத்தூளுக்காக ஒரு பாக்டீரியாவைத் தேடுகிறோம் அல்லவா, பச்சைத் தண்ணீரிலேயே கறையைக் கரைக்கும் நொதியை அது சுரக்க வேண்டும். நான் மாட்டுக் கொட்டகை, மீன் சந்தைச் சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு மண் அள்ளி வந்தேன். அதைக் கரைத்துப் பால் கலந்த தட்டில் தடவினால், நல்ல பாக்டீரியாவைச் சுற்றிப் பால் கரைந்து தெளிவாக ஒரு வளையம் விழும். எனக்கு விழுந்ததெல்லாம் கடுகளவு. பக்கத்து மேசைக்காரி, நேற்று வந்தவள், வெளியே போகச் சோம்பல்பட்டு ஆய்வக ஜன்னலோரம் நான் வைத்திருந்த ரோஜாத் தொட்டியில் ஒரு கரண்டி சுரண்டினாள். சட்டைப் பொத்தான் அகலத்துக்கு வளையம்! அது யார் தொட்டி? நீ போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. தினமும் மிச்சப் பாலை ஊற்றி அந்தப் பாக்டீரியாவை வளர்த்தவள் நான், கைதட்டல் அவளுக்கு. மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினேன், அன்று மாலையே தொட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

இப்போது கேள். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், முதல் நாளே கொஞ்சம் எடுத்து உறைபெட்டியில் வைக்காமல், தட்டுக்குத் தட்டு மாற்றி மாற்றி வளர்த்திருக்கிறாள். பாக்டீரியா செழிப்பாக இருக்கிறது, வளையத்தைத்தான் காணோம். நொதி சுரப்பதையே விட்டுவிட்டது. மீதி மண்ணையும் கொட்டிவிட்டாளாம். நேற்று வீட்டுக்கே வந்து, அக்கா ஒரே ஒரு கரண்டி மண் குடுங்கக்கா என்று கெஞ்சினாள். செடி என் மகனுடையது, அவனைக் கேட்காமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மண்ணுக்கெல்லாமாடி பொறாமைப்படுவாங்க என்று அப்பா சிரிக்கிறார். ஆமாம், பொறாமைதான், அதற்கென்ன இப்போது?

குடுத்துடும்மா என்றுதான் நீ சொல்வாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. அதனால்தான் போனில் கேட்காமல் கடிதம் போடுகிறேன். இது ஆடி அசைந்து வந்து சேரட்டும். அதே மண்ணை இன்று காலை நானும் தட்டில் தடவி வைத்திருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. குறையில்லாமல் நன்றாக இரு என் கண்ணே. பதிலையும் கடிதமாகவே எழுது. உன் குரலுக்காக வாரம் முழுக்கக் காத்துக்கிடப்பவள்தான் சொல்கிறேன், இது கிடைத்ததும் தப்பித் தவறிப் போன் பண்ணிவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா