பத்து எண்ணியதும் இறங்கச் சொன்னவளுக்கு

நலமா என்று கேட்டால் பதில் வராத இடத்தில் இருக்கும் என் அஞ்சலைக்கு,

உன் டோம் பட்டறைக்கு வந்துபோனவர்களின் வாட்ஸப் குழுவில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். நூற்றுச் சொச்சம் பேர் படிப்பார்கள். ஆகவே நீயும் நானும் மட்டும் பேசிக்கொள்ளும் சங்கதி எதையும் எழுத மாட்டேன், பயப்படாதே. பெடாஸ் பள்ளிக்கூடத்தில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டுக்கொண்டு போன வேலை அது.

முதலில் வீட்டு நிலவரம். நீ போய் நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. காரியம் முடிந்த அன்று உன் தங்கச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மாமா, ஒரு தடவ அழுதுருங்க, இல்லன்னா நெஞ்ச அடைச்சுக்கும்" என்றாள். வந்தால்தானே அழுவதற்கு? பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அந்தப் பக்கத்துக் கன்னம் மாதிரி இருக்கிறேன். தொட்டால் தெரிகிறது, வலி இல்லை. சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், லாரியைக் கழுவுகிறேன். கழுவின லாரியை மறுநாளும் கழுவுகிறேன்.

உன் கைப்பை அறைக்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து மாட்டினேன், திறக்கவில்லை. உள்ளே இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். உன் மூக்குக்கண்ணாடி, புதினா மிட்டாய், ஆறு ஸ்பானர். எந்தப் பொம்பளையாவது கைப்பையில் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு திரிவாளா என்று நான் கேலி பண்ணாத நாள் உண்டா? "என்கிட்ட இருந்தாத்தான் தொலையாது" என்பாய். நானும் அதோடு விட்டுவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நீ தெளிவாகப் பேசினாய். அதுதான் கடைசி. அதுவும் என்னைப் பற்றி இல்லை. "பெடாஸ் டீச்சருக்கு வாக்குக் குடுத்துட்டேன். பிள்ளைங்க செடிகூட வாங்கி வச்சிருச்சுங்க. நீங்க போயி டோம நிறுத்திக் குடுத்துருங்க" என்றாய். நான் "ம்" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவன் "ம்" என்றேன். அந்த டோம் நிற்காவிட்டால், உனக்கு நான் கடைசியாகச் சொன்ன ஒற்றை எழுத்தும் பொய்யாகிவிடும். அதற்காகத்தான் போனேன்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டோம் என்பது இரும்புப் பைப்புகளை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து நிறுத்தும் அரைப்பந்துக் கூடு. உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. சிவப்பு டேப் ஒட்டிய நெட்டைப் பைப்பு முப்பத்தைந்து, மஞ்சள் டேப் ஒட்டிய குட்டை முப்பது. அறுத்து, முனையை நசுக்கி, ஓட்டை போடுவது என் வேலை. பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அதை நிறுத்தக் கற்றுக்கொடுப்பது அஞ்சலையின் வேலை. கடைசியில் உச்சியைப் பிடித்துத் தொங்கிக் காட்டுவது மறுபடி என் வேலை.

"நம்ம எடக்கல்லு வர்றாரு, வழி விடுங்கலா!" என்று நீ கைதட்டிக் கூப்பிடுவாய். பன்னிரண்டு வருஷமாக எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதுதான். தொண்ணூற்றிரண்டு கிலோவோடு நான் ஸ்டூலில் ஏறி, உச்சியில் இரண்டு பைப்பைப் பிடித்து, காலை மடக்குவேன். பிள்ளைகள் ஒன்று இரண்டு என்று கத்தும். பத்து வந்ததும் "போதும், எறங்குங்க, பைப்பு பாவம்" என்பாய். கூட்டம் சிரிக்கும், நான் முறைப்பேன், பிறகு மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரிப்போம்.

போன சனிக்கிழமைதான் பெடாஸ். முதல் நாளே பைப்பையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டேன். ஸ்பானர் மட்டும் பாக்கி. கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அம்பாங்கானுக்குப் போய் ஹார்ட்வேர் கடையில் ஆறு புது ஸ்பானர் வாங்கிக்கொண்டு வந்தேன். சிரிக்காதே. உன் கைப்பை ஜிப்பை இழுப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி இப்போது ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பிள்ளைகளில் பாதி டவுனிலிருந்து வேனில் வருகிறது. திடல் ஓரத்தில் டோமை நிறுத்தி, மேலே வலை போட்டு, உள்ளே கத்தரி, வெண்டி வைக்கப் போகிறார்களாம். செடிகள் நீ சொன்ன மாதிரியே வாங்கி வைத்திருந்தார்கள். இத்தனை நாள் காத்திருந்ததில் நான்கைந்து காய்ந்துவிட்டது.

நீ செய்வது போலவே கொண்டைக்கடலையை ஊறப்போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பல்குச்சியைக் கடலையில் குத்திக் குத்திப் பிள்ளைகள் குட்டி டோம் செய்தன. வழக்கம் போலக் கடலையைத் தின்றன. "நிக்கவே மாட்டேங்குது அங்கிள்" என்று ஒருத்தி கொண்டுவந்து காட்டினாள். "மூலையத் தின்னுட்டா எப்படிம்மா நிக்கும்?" என்றேன். நீ சொல்கிற அதே வசனம்தான். நீ சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். இவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குட்டி டோமைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு பெரிய டோம். அப்பாக்கள் ஆறு பேர் கையில் ஆளுக்கொரு ஸ்பானரைக் கொடுத்தேன். மணியம் என்று ஒருவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், என்னைவிட அகலம். நட்டைத் திருகினால் அது இனி ஜென்மத்துக்கும் அசையாது. பிள்ளைகள் பைப்பைப் பிடித்துக்கொள்ள, இவர்கள் ஒவ்வொரு மூலையாக இறுக்கிக்கொண்டே மேலே வந்தார்கள். வேலை இவ்வளவு சுத்தமாக நடப்பதைப் பார்த்து, பரவாயில்லையே என்றுகூட நினைத்தேன்.

உச்சியில் ஐந்து குட்டைப் பைப்பு வரவேண்டும். நான்கு ஏறியது. ஐந்தாவது ஏறவில்லை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இரண்டு விரல் இடைவெளி. இழுத்தோம், தள்ளினோம், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறினோம். இறக்கி அளந்து பார்த்தேன். அளவு சரி. நான் அறுத்த பைப்பு என்றைக்குத் தப்பியிருக்கிறது? "சுத்தியல எடுங்க அங்கிள், ஒரு போடு போட்டா போயிரும்லா" என்றார் மணியம்.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஐம்பது பேர் நிற்கிறார்கள், தலைமையாசிரியை குடையோடு நிற்கிறார். எனக்கு ஒன்றுமே இல்லை, அஞ்சல. சரி, வந்தாயிற்று, நிற்கவில்லை, கழற்றி ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் லாரியைக் கழுவலாம் என்று தோன்றியது. அது எனக்கே பயமாக இருந்தது.

கோகிலா என்று ஒரு பெண், போன வருஷம் கோலா பிலாவில் உன் பட்டறைக்கு வந்தவளாம், இப்போது மகளோடு வந்திருந்தாள். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். "அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. ஆன்ட்டி மொதல்ல ஸ்பானரே குடுக்க மாட்டாங்க. கையாலயே லேசா முடுக்கச் சொல்லுவாங்க. கடைசி பைப்பு ஏறுற வரைக்கும் ஸ்பானர் அவங்க பையிலதான் இருக்கும். ஆம்பளைங்க கையில குடுத்தா இறுக்கிப்புடுவாங்கன்னு சொன்னாங்களே?"

எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் உன்னோடு தோட்டம் தோட்டமாக வந்தவனுக்கு அது தெரியாது. நீ பாடம் நடத்தும்போது நான் லாரி நிழலில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு, எடைக்கல்லை எப்போது கூப்பிடுவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். உன் வகுப்பை ஒரு நாள்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஸ்பானர் தொலைந்துவிடும் என்று நீ சொன்னதையே நம்பிக்கொண்டிருந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை என்பதாலா? இல்லை, நானும் ஆம்பளைதானே என்று விட்டுவிட்டாயா?

எல்லா நட்டையும் தளர்த்தச் சொன்னேன். மணியத்துக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது, ஆனாலும் தளர்த்தினார். கீழே இருந்து மேலே வரை டோம் கொஞ்சம் ஆடியது. கோகிலாவும் மகளும் ஸ்டூலில் ஏறினார்கள். ஐந்தாவது பைப்பைச் சும்மா தூக்கி வைத்தார்கள், அது போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம்தான் இறுக்கினோம். நின்றுவிட்டது, அஞ்சல. உன் டோம்கள் நிற்பது போலவே நின்றது.

"நான் தொங்கிக் காட்டட்டா அங்கிள்? நூறு கிலோ இருக்கேன்" என்றார் மணியம். அது என் வேலை என்று சொல்லிவிட்டேன். உன் எடைக்கல் இளைத்துவிட்டது தெரியுமா? கிளினிக்கில் எண்பத்து மூன்று காட்டியது. ஏறினேன், பிடித்தேன், காலை மடக்கினேன். பிள்ளைகள் எண்ணத் தொடங்கின.

ஒன்பது, பத்து. பிறகு பதினொன்று. பதினொன்றை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. பிள்ளைகளுக்கு எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை, அவை பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போயின. பதினைந்தில் தோள் எரிந்தது. இறங்க வேண்டியதுதானே, ஏன் இறங்காமல் இருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. பத்தொன்பதில்தான் தெரிந்தது, நீ சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று. இருபத்து மூன்றில் கை விட்டுவிட்டது.

புல்லில் உட்கார்ந்தபடியே இருந்தேன். ஏதோ சாதனை செய்துவிட்டது போலப் பிள்ளைகள் கைதட்டின. கோகிலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன். அழுதீர்களா என்று உன் தங்கச்சி கேட்பாள். அழவில்லை. ஆனால் ஊசி போட்ட பக்கம் அன்றைக்குத்தான் முதல் முறையாக வலித்தது.

கோலா பிலாவில் அடுத்த மாதம் வைக்க முடியுமா என்று கோகிலா கேட்டாள். வருகிறேன் என்று வாய்திறந்து சொல்லிவிட்டேன். உனக்கும் இப்போது அப்படியே சொல்கிறேன். உன் கைப்பையைத் திறந்து அந்தப் பழைய ஸ்பானர் ஆறையும் எடுத்துக்கொள்வேன். கடைசிப் பைப்பு ஏறும்வரை ஒருத்தன் கையிலும் கொடுக்க மாட்டேன். லாரி நிழலுக்கும் போக மாட்டேன்.

பத்து எண்ணியதும் நானே இறங்கிவிடுகிறேன். பைப்பு பாவம்.

உன் வீட்டுக்காரன்,
இன்றைய எடை எண்பத்து மூன்று கிலோ