வேறு வண்டி

ஜூன் 10, செவ்வாய் காலை

அன்புள்ள பொடிசுக்கு,

டூட்டி முடிந்து வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். போன் செய்யலாம்தான். உன் போனை மாப்பிள்ளை எடுத்துப் பார்ப்பார் என்று நீ ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னது இன்றுதான் எனக்கு உறைத்தது. அதனால் இதை உன் பல் கிளினிக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். காலையில் முதல் ஆளாக வந்து திறப்பவள் நீதானே.

இந்த வாரம் முழுக்க எனக்கு இரவு ரோந்து. நேற்று ராத்திரி ஒன்றே முக்காலுக்கு வயர்லெஸ்ஸில் ஒரு முகவரி வந்தது. மூன்றாம் மாடியில் ஏதோ உடைகிற சத்தம், கீழ் வீட்டுக்காரர் புகார். டிரைவர் அண்ணன் குறித்துக்கொண்டார். அது என் தங்கை வீடு என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

நீ கதவை ஒரு சாண் திறந்தாய். தலையில் துண்டு. அந்த நேரத்தில் யார் தலைக்குக் குளிப்பார்கள்? டிரைவர் அண்ணன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல மேடம், அலமாரி சாஞ்சிடுச்சு" என்றாய். உள்ளேயிருந்து "யாரு?" என்று அவர் கேட்டதற்கு "கீழ் வீட்டுக்காரங்க" என்றாய்.

நான் உள்ளே வந்திருக்க வேண்டும். உன்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். வேறு யார் வீடாக இருந்தாலும் செய்திருப்பேன். பதிவேட்டில் 'அலமாரி சாய்ந்த சத்தம், புகார் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அலமாரிதானா? ஒரு வரி எழுது.

உன் அக்கா


ஜூன் 11, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

அலமாரிதான். ஒரு கால் முன்பே ஆடிக்கொண்டிருந்தது. நீ போலீஸ் ஆனதிலிருந்து உனக்கு எல்லாமே கேஸாகத்தான் தெரிகிறது.

துண்டு கட்டியிருந்தது தலைவலிக்காக. மேடம் என்று கூப்பிட்டது உன் மரியாதைக்காக. பின்னே, அந்த நேரத்தில் அக்கா என்று கட்டிக்கொள்ளவா முடியும்?

அம்மாவிடம் எதுவும் சொல்லிவைக்காதே. அவருக்கு அலுவலகத்தில் நெருக்கடி. கொஞ்சம் கோபம் வருகிறது, போய்விடுகிறது. நீயே விசாரித்துப் பார்த்து முடிவு செய்த மாப்பிள்ளைதானே. உனக்குத் தெரியாதா?

சாப்பாட்டு வேளையில் ஓடி வந்து இதை உன் வீட்டுத் தபால் பெட்டியில் போடுகிறேன். பகலில் நன்றாகத் தூங்கு. வண்டியில் பிஸ்கட்டைத் தின்றே வாரத்தை ஓட்டாதே.

பொடிசு


ஜூன் 12, வியாழன் காலை

அன்புள்ள பொடிசுக்கு,

கீழே வரை வந்துவிட்டு மணியடிக்காமல் போயிருக்கிறாய். மேலே நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

ஆமாம், விசாரித்தது நான்தான். அவர் அலுவலகத்தில் கேட்டேன், முன்பு குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டேன். தங்கமான பையன் என்று அம்மாவிடம் வந்து அடித்துச் சொன்னேன். பன்னிரண்டு வருட சர்வீஸ். ஆளைப் பார்த்ததும் எடைபோட்டுவிடுவேன் என்ற திமிர்.

நேற்று ராத்திரி ஒருவர் குடித்துவிட்டு, யாருடைய காரிலோ ஏறித் தூங்கிவிட்டார். எழுப்பினால், தன் வீட்டுக்குள் எப்படி நுழைந்தீர்கள் என்று எங்களிடமே சண்டைக்கு வந்தார். டிரைவர் அண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தார். அதற்கப்புறம் மூன்று மணிக்கு, பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண். ஒரு பை, காலில் செருப்பில்லை. என்னம்மா என்று கேட்டால், "எதுவும் எழுதாதீங்க. விடியற வரைக்கும் வண்டில உக்காந்துக்கறேன்" என்றாள். உட்காரவைத்தேன். ஐந்தரைக்கு இறங்கி, வந்த வழியே திரும்பிப் போனாள்.

அவளிடம் பேசத் தெரிந்த எனக்கு உன்னிடம் பேசத் தெரியவில்லை. உன் தெருவை நான்கு தடவை சுற்றினோம். "இந்தத் தெருவுல என்ன இருக்கு?" என்று டிரைவர் அண்ணன் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

உண்மையைச் சொல்.

உன் அக்கா


ஜூன் 12, வியாழன் மதியம்

அக்கா,

அலமாரி சாயவில்லை.

எட்டு மாதமாக நடக்கிறது. முதலில் தட்டு, டம்ளர். பிறகு நான். இடது காது சரியாகக் கேட்பதில்லை. கிளினிக்கில் நோயாளிகளை வலது பக்கம் உட்காரச் சொல்லிச் சமாளிக்கிறேன். காலையில் அவரே காபி போட்டுக் கொடுப்பார். நானும் குடிப்பேன்.

அன்றைக்கு நீ வண்டியில் ஏறுவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். யார் வந்தது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. நேற்று சொன்னார், "உங்க அக்காவே வந்து பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னுதானே போனாங்க." அடித்ததைவிட அதுதான் அக்கா வலித்தது.

உன்னைக் குறை சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு உன்னை அனுப்பியது நான்தான். ஆனால் இனி யார் வந்தாலும் அவர் காட்டுவது உன் கையெழுத்தைத்தான்.

தயவுசெய்து எதுவும் செய்யாதே. உன் வேலைக்கு ஆபத்து வரும்.

பொடிசு


ஜூன் 13, வெள்ளி காலை

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ராத்திரி இன்ஸ்பெக்டரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு தோழிக்கு நடந்த மாதிரிச் சொன்னேன். கோழைத்தனம்தான். "புகார் குடுக்கவே ஆள் இல்ல. எழுதினத எதுக்குக் கிளறணும்? வம்ப விலை குடுத்து வாங்காத" என்றார். பதிவேட்டில் திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேனாவைத் திறந்தேன், மூடினேன். விடிந்துவிட்டது.

இன்னும் மூன்று ராத்திரி. வாரம் முடியட்டும், நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரை அவர் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே. இப்படி எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. புகார் கொடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

உன் அக்கா


ஜூன் 14, சனி காலை

பொடிசு,

எங்கே இருக்கிறாய்?

பன்னிரண்டேகாலுக்கு உன் முகவரி வயர்லெஸ்ஸில் வந்தது. எங்களுக்கு இல்லை, வேறு வண்டிக்கு. நாங்கள் இரண்டு தெரு தள்ளி நின்றிருந்தோம். பக்கத்தில்தான் இருக்கிறோம், போகட்டுமா என்று டிரைவர் அண்ணன் கேட்டார். "வேணாம், நீங்க அங்கயே நில்லுங்க" என்று பதில் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவரிடம் சொன்னேன், அது என் தங்கை வீடு என்று. அவர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

உன் வீடு பூட்டிக் கிடக்கிறது. கிளினிக்கிலும் நீ இல்லை. கூட வேலை செய்பவளிடம் இதைக் கொடுக்கிறேன். என் மேல் கோபமா?

அக்கா


ஜூன் 15, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன். நெற்றியில் நான்கு தையல். கிளினிக்கில் கூட வேலை செய்பவள் வீட்டில், அவளுடைய மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அவரை அந்த ராத்திரியே போலீஸ் கூட்டிப்போய்விட்டது.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நான்தான் போலீஸுக்குப் போன் செய்தேன். முகவரி சொன்னதும், பக்கத்தில் ஒரு வண்டி இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் வரும் என்றார்கள். அது நீதான் என்று எனக்குத் தெரியும். "அந்த வண்டி வேணாங்க, வேற வண்டி அனுப்புங்க" என்றேன். ஒன்பது நிமிடம் ஆனது. அவர் கதவை இடித்துக்கொண்டே இருந்தார். நீ வந்தால் நான் மறுபடியும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அக்கா. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வேறு எதுவும் வாயில் வராது.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ் அம்மா என் புகாரை எழுதிக்கொண்டார்கள். முன்பு எப்போதாவது போலீஸ் வந்ததா என்று கேட்டார்கள். திங்கட்கிழமை என்றேன். வந்தது யார், உங்களுக்கு உறவா என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் உன்னை விட்டுவிட்டுச் சொல்லியிருப்பேன்.

உன்னைக் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் இனிமேல் கை வைக்காதே. அன்றைக்கு என்ன பார்த்தாயோ அதைச் சொல், துண்டு உட்பட.

விசாரணை முடியும்வரை நாம் பார்க்கக் கூடாதாம், எழுதவும் கூடாதாம். இந்தக் கடிதத்தையே அந்தப் போலீஸ் அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். நம் அம்மாவிடம் நானே பேசிவிட்டேன். உன்னைத்தான் முதலில் கேட்டாள்.

கோபமா என்று கேட்டிருந்தாய். ஆமாம், கோபம்தான். ஒருநாள் தீர்ந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்குத் தீரவில்லை.

உன் தங்கை